துருவேறிய பெட்ரோல் டேங்க்: எதனால் எடுக்கலாம், எதுவரை மீட்கலாம்?

பழைய வண்டி ஒன்றை மறுபடி ஓட்டிப் பார்க்க நினைப்பவரைப் பெரும்பாலும் முதலில் மறிப்பது பெட்ரோல் டேங்க்தான். தொழுவத்திலோ திண்ணையோரத்திலோ ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்ட யெஸ்டி, புல்லட், ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 எதுவானாலும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்பழுப்புத் தூள் தெரியும். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றிக் கழுவினாலும் அந்தத் தூள் ஜெட்டை மறுபடி அடைக்கும். அதைப் போக்க என்ன வழி என்று கேட்டால் விடைகளுக்குப் பஞ்சமில்லை. ஜல்லி போட்டுக் குலுக்கு என்பார் ஒருவர். ஆசிட் ஊற்று என்பார் இன்னொருவர். புளியைக் கரைத்து ஊற்றி ஊறவை, உள்ளே பூச்சு அடி, இந்த வம்பே வேண்டாம் காயலாங்கடையில் வேறு டேங்க் பார் என்று பட்டியல் நீளும்.

இந்த விடைகளில் பலவற்றுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட பின்புலம் உண்டு. அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் சறுக்குகின்றன என்பதை வாசுதேவநல்லூர் வட்டாரத்தை மனத்தில் வைத்துப் பார்க்கலாம். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி தாண்டி சிவகிரி, ராஜபாளையம் நோக்கிப் போகும் சாலையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிறது இந்த ஊர். துருவை எடுக்கப் பயன்படும் பொருள்களில் சில இந்த மண்ணிலேயே விளைகின்றன. துருவை வளர்ப்பதாகக் குற்றம் சாட்டப்படும் எத்தனாலின் மூலமான கரும்பும் இதே மண்ணில் விளைவதுதான்.

துரு அடியில் தொடங்குவது ஏன்

துரு எப்படி வருகிறது என்பதிலேயே அறிஞர்கள் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமிலக் கொள்கைக்குச் செல்வாக்கு இருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகி இரும்பைத் தின்கிறது என்றார் இங்கிலாந்து வேதியியலாளர் கிரேஸ் கால்வர்ட். அது 1871. அமெரிக்கரான வில்லிஸ் விட்னி 1903இல் துருப்பிடிப்பை மின்வேதி நிகழ்வாக விளக்கினார். ஒரே தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது, இன்னோரிடத்தில் அதற்கு ஈடான வினை நடக்கிறது, இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் ஓடுகிறது. 1920களில் கேம்பிரிட்ஜின் யூலிக் எவன்ஸ் இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு இதைக் கண்முன் காட்டினார். சொட்டின் ஓரத்தில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. துருத்தூள் ஓரத்தை ஒட்டி வளையமாகப் படிந்தது. இரும்பு குழிந்ததோ நடுவில்.

டேங்குக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சொட்டைவிட நல்ல பாடம் இல்லை. பெட்ரோலைவிட நீர் கனமானது, எனவே அடியில் போய்த் தங்கும். பெட்ரோலில் ஆக்சிஜன் நீரில் கரைவதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கரையும் என்பதால், மேலே பெட்ரோல் நிற்கிறது என்பதற்காக அடியிலுள்ள நீருக்கு ஆக்சிஜன் வரத்து நின்றுவிடாது. சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நீர் இடது கீழ்மூலையில், இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் தேங்கும். அங்கேதான் முதல் ஊசித்துளை விழ வாய்ப்பு அதிகம். டேங்கின் கூரைப்பகுதி பயமுறுத்தும்படி சிவந்திருந்தாலும் அது பெரும்பாலும் மேலோட்டமான துரு. கறுத்த மேல்பூச்சுக்குக் கீழே குழி ஒளிந்திருப்பது அடியில்தான்.

நீர் எப்படி உள்ளே வருகிறது? மூடியிலுள்ள காற்றுத்துளை வழியாக டேங்க் மூச்சுவிடுகிறது. பகல் வெயிலில் உள்ளேயிருக்கும் ஆவி விரிந்து வெளியேறுகிறது, இரவுக் குளிரில் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலோடு மலைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்தால் பாதி காலியாக நிற்கும் டேங்கின் உட்சுவரில் வியர்ப்பது இயல்பு. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் டேங்குகள் துருவுக்குச் சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. சுவரில் ஆயில் படலம் ஒட்டியிருக்கும் என்பதால் அது நம்பத்தக்கதே. ஆர்எக்ஸ் 100இல் ஆயிலுக்குத் தனி டேங்கும் பம்பும் உண்டு. அதன் பெட்ரோல் டேங்குக்கு அந்தக் காப்பு கிடையாது.

உரசி எடுப்பது

இருப்பதிலேயே எளிய வழி இது. சிறு ஜல்லி, நட்டு, போல்ட்டு, சைக்கிள் செயின் என்று எதையாவது உள்ளே போட்டு, கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் குலுக்குவது. உதிரும் நிலையிலுள்ள செதில்களை எடுக்க இது உதவும், மறுக்க முடியாது. ஆனால் துரு கெட்டியாக உட்கார்ந்திருக்கும் விளிம்பு மடிப்புக்குள் ஜல்லி போவதில்லை. சேஸிஸின் மேல் உட்காருவதற்காக நடுவில் வளைந்திருக்கும் பகுதிக்குப் பின்னாலும் அதே நிலைதான். போகும் இடங்களில் நல்ல இரும்பையும் சேர்த்துத் தேய்க்கிறது. இந்த டேங்குகளின் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். குழி விழுந்த இடத்தில் அதில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. இதைத் தொடக்க வேலையாகக் கொள்ளலாம், முழுத் தீர்வாகக் கொள்ள முடியாது.

புளிப்பின் வழி

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் நாட்டில், இரும்புத் துருவுக்கும் புளி என்ற எண்ணம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசுதேவநல்லூர் சிந்தாமணிநாதர் கோயிலின் தலமரமே புளிதான். பக்கத்துப் புளியங்குடியின் எலுமிச்சை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் துருவைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பு அயனியைப் பற்றிக்கொண்டு மறுபடி படியவிடாமல் வைத்திருக்கும் தன்மையும் உடையவை. அமிலம் என்பதைவிட இந்தப் பிடிமானமே இவற்றின் பலம். பெரிய கொதிகலன்களின் உட்சுவரைச் சுத்தம் செய்யச் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

ஆனால் புளியும் பழச்சாறும் நேரடியாக ஊற்றத்தக்கவை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சாற்றில் சர்க்கரையும் நாரும் உண்டு. அவை மடிப்புகளில் தங்கினால் இன்னொரு தொல்லை. டேங்க் நிறையும் அளவுக்குச் சாறு பிழிவதும் கட்டுப்படியாகாது. கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் தூளை வெந்நீரில் 5 முதல் 10 சதவீதம் கரைத்து ஊற்றுவது அதே வேலையைச் சுத்தமாகச் செய்யும். ஒரு நாள், தேவையானால் இன்னொரு நாள். அதற்கு மேல் ஊறவிட்டால் துருவுக்கு அடுத்து இரும்பையே அது தொடத் தொடங்கும்.

எதிர்க்கடையில் நிற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழிவறை கழுவும் பாட்டிலில் வரும் அதே ஆசிட். வேகத்தில் இதற்கு இணையில்லை. சில நிமிடங்களில் உட்சுவர் வெள்ளிபோல் மின்னும். எஃகு ஆலைகளில் தகட்டின் மேல் படிந்த ஆக்சைடை நீக்க இதைப் பயன்படுத்தும்போது இரும்பைக் காக்கும் தடுப்பான்களையும் சேர்க்கிறார்கள். பாட்டில் ஆசிட்டில் அவை இருக்கும் என்று நம்ப முடியாது. அதன் ஆவி பக்கத்திலிருக்கும் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும், வழிந்தால் வெளிப் பெயின்ட் போகும். இவற்றைவிட மோசமானது மடிப்புகளில் தங்கிவிடும் குளோரைடு. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் தங்கும், அடுத்த மழைக்காலத்தில் துருவை அங்கிருந்தே மறுபடி கிளப்பும். டேங்குக்கு இந்த அமிலத்தைப் பரிந்துரைப்பதற்கு அவசரத்தைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

பாஸ்பாரிக் அமிலத்தின் கதை வேறு. இங்கிலாந்தின் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் இரும்பைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இட்டுத் துருவுக்கு எதிரான படலம் உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெயின்ட் அடிப்பதற்கு முன் கார், பைக் தகடுகளுக்குச் செய்யப்படும் பாஸ்பேட் வேலைக்கு மூலம் அதுதான். துருவைக் கரைக்கிறது, போகும்போது சாம்பல்நிறத்தில் ஒரு இரும்பு பாஸ்பேட் படலத்தை விட்டுப்போகிறது. அந்தப் படலம் மெல்லியது, நீர் தேங்கினால் நாள்பட நிற்காது. ஆனாலும் மற்ற அமிலங்கள் இரும்பை வெறுமையாக விட்டுச்செல்ல, இது ஒரு சட்டையாவது போட்டுவிடுகிறது.

எந்த அமிலமானாலும் கழித்த நீரைச் சாக்கடையில் விட்டால் அது போய்ச் சேருவது குளத்தில். சோடா உப்பு போட்டு நுரை அடங்கும்வரை முறித்த பிறகே அதைக் கொட்ட வேண்டும்.

கழிவுப்பாகும் மின்சாரமும்

இந்த வட்டாரத்துக்கு அருகில் இருந்தும் அதிகம் பேசப்படாத ஒரு வழி சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ். வாசுதேவநல்லூரில் அமைந்த தரணி சர்க்கரை ஆலை இந்தப் பகுதிக் கரும்பை நம்பி வந்தது. கழிவுப்பாகு ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு என்று கலந்து துருப்பிடித்த பாகங்களை ஊறவைக்கும் பழக்கம், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் மேலைநாட்டு ஆர்வலர்களிடம் நெடுநாளாக உண்டு. ஒரு வாரம் முதல் மூன்று, நான்கு வாரம்வரை ஆகும். நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் நல்ல இரும்பை இது மிகக் குறைவாகவே தொடும் என்பது பலரும் ஒப்புக்கொள்வது. பாகிலுள்ள பொருள்கள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். புளிக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களே வேலை செய்கின்றன என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அலுமினியம், துத்தநாகப் பாகங்களை இது அரிக்கும். ஆகவே பெட்ரோல் டேப்பையும் மூடியையும் கழற்றிவிட்டே ஊற்ற வேண்டும்.

மின்பகுப்பு முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1888இல் பெர்லின் அரச அருங்காட்சியகங்களின் ஆய்வகப் பொறுப்பேற்ற பிரீட்ரிக் ராத்கென் தொல்பொருள்களைச் சுத்தம் செய்ய இதை நிலைநிறுத்தியவர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில் எஸ். பரமசிவன் நோயுற்ற வெண்கலச் சிலைகளை மின்பகுப்பால் மீட்டார். சிலைக்குச் செய்ததைத்தான் டேங்குக்கும் செய்கிறார்கள். சலவைச் சோடாவை நீரில் கரைத்து டேங்கை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை டேங்கில் இணைத்து, பாசிட்டிவ் முனையைத் தகட்டில் படாமல் தொங்கவிட்ட ஓர் இரும்புக் கம்பியில் கொடுத்தால் போதும். துருவின் ஒரு பகுதி கறுப்பாக மாறித் தளர்ந்து உதிரும். நல்ல இரும்பு கரைவதில்லை என்பது இதன் பெரும் சிறப்பு.

குறைகளும் உண்டு. மின்னோட்டம் கம்பிக்கு எதிரே உள்ள இடத்தையே நன்றாகத் தாக்கும், வளைவுக்குப் பின்னால் போகாது. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடம் வேண்டும், பெட்ரோல் வாடை அறவே போயிருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பாசிட்டிவாகத் தொங்கவிடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் நீரில் கலக்கும்.

கழுவிய பிறகான அரைமணி நேரம்

எந்தத் திரவம் நல்லது என்ற சண்டையில் மறைந்துபோகும் கட்டம் இது. துருவை எடுப்பது மேலே சொன்ன எந்த வழியிலும் நடந்துவிடுகிறது. மீட்பு தோற்பது பெரும்பாலும் அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில்தான் என்று தோன்றுகிறது. அமிலம் தின்ற இரும்பின் மேற்பரப்பு பாதுகாப்பற்றுக் கிடக்கிறது. வெறும் தண்ணீரால் கழுவி, மழைக்கால ஈரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் அது இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். அமிலம் போதவில்லை என்று நினைத்து மறுபடி ஊற்றுவார்கள். தகடு இன்னொரு சுற்று மெலியும்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல, தாமதம்தான் கூடாது. சோடா உப்பு நீரால் அமிலத்தை முறித்து, நீரால் அலசி, உடனே ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி நீரை வாங்கி, சூடான காற்று செலுத்தி உலர்த்தி, சூடு ஆறுவதற்கு முன்னால் டூ ஸ்ட்ரோக் ஆயிலை உட்சுவர் முழுக்க ஓடவிட வேண்டும். ஸ்பிரிட் வாடை இருக்கும்போது சூட்டையோ மின்கருவியையோ பக்கத்தில் கொண்டுவரலாகாது, முதலில் வெறும் காற்று, பிறகுதான் சூடு. எலுமிச்சை உப்பு, பாஸ்பாரிக் அமிலம், கழிவுப்பாகு என எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வரிசை பிசகினால் வித்தியாசம் ஒன்றும் இருக்காது.

பூச்சு பற்றிய தகராறு

உள்ளே எபாக்ஸி போன்ற பூச்சை ஊற்றி, டேங்கைப் புரட்டிப் புரட்டிச் சுவரில் ஒட்டவைப்பது பலருக்கு முடிந்த முடிவு. இரும்புக்கும் பெட்ரோலுக்கும் இடையே திரை விழுந்துவிடுகிறது, ஊசித்துளைகளும் அடைபடுகின்றன. எதிர்ப்பவர்களின் வாதமும் லேசானதல்ல. பூச்சு நிற்பது அடிப்பரப்பின் சுத்தத்தைப் பொறுத்தது. டேங்கின் மடிப்புக்குள் அந்தச் சுத்தத்தைக் கண்ணால் சரிபார்க்க வழியில்லை. ஒட்டாத பூச்சு சில ஆண்டுகளில் பாளம் பாளமாக உரிந்து பெட்ரோல் டேப்பை அடைக்கும். அதற்கடியில் நீர் புகுந்தால் துரு மறைவிலேயே வளரும். உரிந்த பூச்சை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பெரிய வேலை. தவிர, எத்தனால் கலக்காத பெட்ரோல் காலத்தில் உருவான சில பூச்சுகள் எத்தனாலில் இளகிவிடுகின்றன.

துளை விழாத டேங்குக்குப் பூச்சு வேண்டாம், உலர்த்தி ஆயிலிட்டு, அடிக்கடி ஓட்டினாலே போதும் என்ற தரப்பின் பக்கமே சான்று சாய்வதாகப் படுகிறது. துளை விழுந்து, வேறு டேங்கும் கிடைக்காதபோது பூச்சு கடைசி வழி.

ஓட்டை, நெருப்பு, புது டேங்க்

ஓட்டையை அடைக்க ஈயப்பற்று வைப்பது பழைய டிங்கர்களின் கைவேலை. நிதானமான சூட்டில் நடப்பதால் தகடு சுருங்குவதில்லை. வெல்டிங் மெலிந்த தகட்டில் துளையைப் பெரிதாக்கிவிடக்கூடும், அதோடு உயிருக்கும் ஆபத்து. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம்வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது தீப்பற்றும். நிறைந்த டேங்கைவிட, காலி என்று நினைத்து நெருப்பு காட்டும் டேங்க் பயங்கரமானது. பல முறை கழுவி, வேலை நடக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் நீர் நிரப்பி வைப்பது நெடுநாளைய முன்னெச்சரிக்கை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் முற்றாக நின்றது என்பதையும் மறக்கலாகாது. அதற்கு முந்தைய வண்டிகளின் டேங்குக் கசடில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூளை உலர்ந்த நிலையில் ஊதித் தள்ளக் கூடாது.

வேறு டேங்க் வாங்குவோருக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. புதிதாகச் செய்த மாற்று டேங்குகளும் கிடைக்கின்றன. நேரமும் பணமும் கணக்குப் பார்த்தால் பல சமயம் அதுவே சரி. ஆனால் திருவொற்றியூர் ஆலையிலிருந்து கையால் தீட்டிய தங்கக் கோட்டோடு வந்த புல்லட் டேங்கை, உள்ளே துரு இருக்கிறது என்பதற்காக எடைக்குப் போடுவது வண்டியின் முகத்தையே கழற்றிப் போடுவது. வெளிப் பெயின்ட் கெடாமல் உள்ளே மட்டும் வேலை செய்ய எலுமிச்சை உப்பும் மின்பகுப்பும் இருக்கும்போது அந்த அவசரத்துக்கு நியாயம் இல்லை.

எத்தனால் யார் பக்கம்

2003இல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதத்தோடு தொடங்கிய எத்தனால் கலப்பு, 2022இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025இல் 20 சதவீதத்தைத் தொட்டது. பழைய வண்டிக்காரர்களின் குற்றச்சாட்டு தெளிவானது: எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும். எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் பத்து லிட்டரில் ஓரிரு மில்லிலிட்டர் நீர்தான் கரையும், மீதி அடியில் தேங்கும். 10 சதவீத எத்தனால் இருந்தால் அதே பத்து லிட்டரில் ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் நீர் கரைந்து, எரிபொருளோடு இன்ஜினுக்குப் போய் ஆவியாகிவிடும். தினமும் ஓடும் வண்டிக்கு இது நன்மையாகக்கூட இருக்கலாம்.

நிற்கும் வண்டிக்குத்தான் சிக்கல். நீர் அந்த எல்லையைத் தாண்டினாலோ, குளிரில் எல்லை சுருங்கினாலோ, எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் ஒரு தனி அடுக்காக இறங்கும். மின்சாரத்தைப் பெட்ரோலைவிட நன்றாகக் கடத்தும் அந்த அடுக்கு, எவன்ஸின் சொட்டு டேங்கின் அடி முழுக்கப் பரவியதற்குச் சமம். எத்தனாலிலிருந்து அசிட்டிக் அமிலமும் உண்டாகலாம். அதோடு எத்தனால் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாகச் சுவரில் பிசினோடு ஒட்டியிருந்த துருவைத் தளர்த்திக் கார்புரேட்டருக்கு அனுப்பும். எத்தனால் புதிதாகத் துருவை உண்டாக்கிவிட்டது என்று சொல்லப்படும் சில வழக்குகள், இருந்த துருவை அது கிளறிவிட்டதாகவும் இருக்கலாம். 2021இல் வெளியான நிதி ஆயோக்கின் எத்தனால் கலப்பு வழிவரைபடம் மைலேஜ் குறைவையும் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களையும் பேசியது. 2025இல் பெட்ரோலிய அமைச்சகமும் சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்ற அளவிலேயே சொன்னது. முப்பது, நாற்பது ஆண்டு நின்ற டேங்கின் அடிமூலை அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

தீராமல் நிற்பவை

துருவை எடுப்பதில் இன்று பெரிய மர்மம் இல்லை. எவ்வளவு மெலிந்த தகடு இன்னும் நம்பத்தக்கது என்பதற்கு ஒர்க்‌ஷாப்பில் வைத்து அளக்கத்தக்க, எல்லோரும் ஏற்கும் வரம்பு இல்லாததுதான் குறை. கூர்மையான ஊசியால் அடிமூலையை அழுத்திப் பார்ப்பதும், பெயின்ட் கொப்புளித்த இடத்தைச் சுரண்டிப் பார்ப்பதும், இருட்டில் உள்ளே விளக்கு வைத்து ஒளிப்புள்ளி தேடுவதுமே இப்போதைய அளவுகோல்கள்.

இரண்டாவது, 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் நாள்பட ஊறும் பூச்சுகள். விற்பவர் சொல்லும் உத்தரவாதத்துக்கும், குழிவிழுந்த பழைய இரும்பின்மேல் அந்தப் பூச்சு நடந்துகொள்ளும் விதத்துக்கும் இடையே உள்ள தூரத்தைச் சார்பற்ற நீண்டகாலச் சோதனைதான் சொல்ல முடியும். அதற்கான அறிவும் கருவியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிமானத்தைத் தன் முதன்மைத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கும் நிறுவனம். பெரிய ஆலைக் குழாய்களுக்குச் செய்யும் சோதனையைப் பழைய பைக் டேங்குகளுக்கும் செய்துபார்ப்பதில் தொழில்நுட்பத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது எளிமையாகத் தோன்றி, கடினமாக மாறியிருக்கும் கேள்வி. நிறுத்தி வைக்கும் வண்டியின் டேங்கை நிறைத்து வைப்பதா, வடித்து ஆயிலிட்டு வைப்பதா? கலப்பில்லாத பெட்ரோல் காலத்தில் நிறைத்து வைப்பதே விடை. காற்றுக்கு இடமில்லாததால் வியர்வையும் இல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நிற்கும்போது தானே ஈரத்தை வாங்குவதால் அந்த விடை ஆட்டம் கண்டிருக்கிறது. இரண்டு, மூன்று வாரத்துக்கு நிறைத்து வைப்பதும், ஒரு மழைக்காலம் முழுக்க நிற்குமானால் வடித்து ஆயிலிடுவதும் இப்போதைக்குத் தற்காப்பான நடைமுறை. இரண்டுக்கும் நடுவிலுள்ள காலத்துக்கு, அதிலும் மலையடிவார ஈரத்தில், எது மேல் என்பதை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.